பயணத்தில் செல்போன்: கையில் இருப்பது யாருடைய அமானிதம்?

 

  

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி என்னைப் பார்க்கக் காத்திருந்தார். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் விண்ணப்பம் வாங்கும் வேலை அவருக்கு. நிறுவனம் தனியாகப் போன் தரவில்லை. சொந்தப் போன்தான் அவருடைய அலுவலகம். ரயிலில் வரும்போது சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று வாசல் பக்கம் நின்று படங்களை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி நிலையத்தை விட்டு நகர்ந்த நேரம், கீழே நின்ற ஒருவன் கையைத் தட்டிப் போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"போன் திரும்பக் கிடைக்க ஒரு துஆ சொல்லிக் கொடுங்க ஹஜ்ரத்" என்றார்.

"இன்ஷா அல்லாஹ், துஆ செய்யலாம் தம்பி. போன்ல என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

குடும்பப் படங்கள், பேங்க் ஆப், அதோடு முப்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் ஆதார் படங்கள், கையெழுத்துகள், சம்பளச் சீட்டுகள் என்றார். லாக் போட்டிருந்தீர்களா என்றால், கை பறிபட்ட நேரத்தில் போன் திறந்துதான் இருந்தது. "கம்பெனிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பறிபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சகோதரர்களே! அவர் ஒரு போனைத் தொலைத்ததாக நினைத்துத்தான் துஆ கேட்டு வந்தார். முப்பது குடும்பங்களின் அமானிதமும் அதோடு சேர்ந்து போய்விட்டது என்பது அதுவரை அவர் மனதில் படவே இல்லை. இந்த வாரம் நாம் பேச இருப்பது இதைப் பற்றித்தான்.

நம் பகுதியின் நிலை

நம் பக்கத்து வாழ்க்கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆவடியில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று சென்ட்ரல் வரை ரயில் முழுக்க ஆளுக்கொரு போன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் பிட்டர், கணக்கு எழுதுபவர், மருந்துக் கம்பெனி பிரதிநிதி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆட்டோவும் காரும் ஓட்டுபவர்கள், சி.டி.எச். சாலையில் முதுகில் பையோடு போகும் உணவு டெலிவரி தம்பிகள் என எல்லோருக்கும் சொந்தப் போனில்தான் முதலாளியின் வேலை நடக்கிறது. வேலைக்கான இணையத்துக்குக் காசு போடுவதும் பெரும்பாலும் அவர்களே.

ஒரே போனில் மனைவியின் குரல் செய்தியும் மேனேஜரின் உத்தரவும் வருகிறது. பிள்ளையின் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவரின் பான் கார்டு கிடக்கிறது. பெட்டி நம்முடையது என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருப்பது சூரா நிஸாவின் 58-வது வசனத்தின் கருத்து. அமானிதம் என்றால் நகையும் பணமும் மட்டும்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை.

ஹிஜ்ரத் என்ற பயணம்

இஸ்லாமிய வரலாற்றின் மிகப் பெரிய பயணம் ஹிஜ்ரத். அதை நாம் தியாகம், தவக்குல் என்ற கோணத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள். உயிருக்கு ஆபத்து இருந்த அந்த அவசரத்திலும், பிறர் பொருள், கூலிக்கு வந்தவரின் வேலை, பிறர் அமானிதம் ஆகிய மூன்றிலும் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

முதலாவது, வாகனம். ஹிஜ்ரத்துக்காகவே அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, விலை கொடுத்தே எடுத்துக்கொள்வேன் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இருக்கிறது. உயிர் நண்பர், மனமுவந்து தருகிறார். அப்படியிருந்தும் கணக்கு பேசப்பட்டது.

இரண்டாவது, வழிகாட்டி. அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது இஸ்லாத்தில் இல்லை, குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். குகை இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். பிடித்துக் கொடுப்பவருக்குக் குறைஷிகள் பெரும் பரிசு அறிவித்திருந்தார்கள். அவர் நினைத்திருந்தால் ஒரே இரவில் செல்வந்தராகி இருக்கலாம். ஆனால் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு, ஒட்டகங்களோடு வந்து நின்றார். முஸ்லிம் அல்லாத ஒரு தொழிலாளி காட்டிய நேர்மை அது. கலிமா சொன்ன நம்மிடம் அது குறைவாக இருக்கலாமா?

மூன்றாவது, அமானிதம். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊர் மக்களின் பொருட்களே நபி (ஸல்) அவர்களிடம் பாதுகாப்பில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாள் தங்கி எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன.

இந்த மூன்றையும் நம் போனுக்குக் கொண்டு வருவோம்.

1. போன் யாருடையது, செலவு யாருடையது?

சொந்தப் போனில் கம்பெனி வேலை செய்வது கூடும், அதில் குற்றமில்லை. ஆனால் பேசிக்கொள்ளாமல் செய்வதுதான் பின்னால் மனக்கசப்பாக வருகிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது சூரா மாயிதாவின் தொடக்கத்திலேயே வரும் கட்டளை. நிறைவேற்ற வேண்டுமென்றால் முதலில் அது தெளிவாக இருக்க வேண்டும்.

தொழில் நடத்தும் சகோதரர்களே! முதலில் உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் ஊழியர் மாதம் ஒரு முறை ரீசார்ஜ் செய்கிறார் என்று நினைக்கிறீர்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 13 முறை. அந்த டேட்டாவில் உங்கள் கடையின் படங்களும் பில்களும் போகின்றன. வெளியூர் அனுப்பினால் பஸ் கட்டணம் தருகிறீர்கள், சாப்பாட்டுக்குத் தருகிறீர்கள். உங்கள் வேலைக்கு ஓடும் டேட்டாவுக்கு ஏன் தருவதில்லை? ஒட்டகத்துக்கு விலை பேசிய நபியின் உம்மத் நாம். தொழிலாளியின் வியர்வை உலருவதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன ஹதீஸை மேடையில் கேட்டுத் தலையாட்டுகிறோம். ரீசார்ஜ் தொகையும் அந்த வியர்வையில் சேர்ந்ததுதான்.

வேலை செய்யும் தம்பிகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. டேட்டாவுக்கென்று மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் கிரிக்கெட்டும் படமும் பார்த்துத் தீர்த்துவிட்டு, காலையில் மேனேஜர் கூப்பிட்டால் "நெட் இல்லை சார்" என்பது பொய். இல்லாத பில்லைப் போட்டுக் காட்டுவது அதைவிட மோசம்.

2. நேரம் யாருடையது?

கூலிக்கு வேலை செய்பவரை ஃபிக்ஹு நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒருவர் 'அஜீர் காஸ்', அதாவது தன் நேரத்தையே ஒருவருக்கு விற்றவர். மாதச் சம்பளக்காரர் இந்த வகை. மற்றவர் 'அஜீர் முஷ்தரக்', செய்து முடிக்கும் வேலைக்குக் கூலி வாங்குபவர். தையற்காரரும் சலவைக்காரரும் நூல்களில் வரும் உதாரணம். ஆர்டருக்கு இவ்வளவு, சவாரிக்கு இவ்வளவு என்று வாங்கும் நம் டெலிவரி தம்பிகளும் ஓட்டுநர்களும் இரண்டாவது வகைக்கு நெருக்கமானவர்கள்.

நீங்கள் முதல் வகை என்றால், பத்து மணி முதல் ஆறு மணி வரை உள்ள நேரம் விற்கப்பட்ட நேரம். கம்பெனி வேலையாகப் பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போகிறீர்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பதற்காக அந்த நேரத்தில் வேறொரு கம்பெனியின் வேலையைப் போனில் செய்து இரண்டு பக்கமும் காசு வாங்குவது கூடாது. முதலாளி அனுமதித்தால் வேறு விஷயம். அதே நேரம், ஃபர்ளு தொழுகைக்கான நேரம் அந்த விற்பனையில் சேராது என்று ஃபுகஹாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தொழுகைக்கு ஐந்து பத்து நிமிடம் எடுத்தால் அது திருட்டு நேரம் இல்லை. தொழுகையின் பெயரைச் சொல்லி நாற்பது நிமிடம் போன் பார்த்தால்தான் அது திருட்டு.

விற்காத நேரமும் இருக்கிறது, முதலாளிகள் அதை மறக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, நீல டிக் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா? வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் முதலும் சட்டமாகவே வைத்திருக்கின்றன. பயணத்தை வேதனையின் ஒரு பகுதி என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், வந்த வேலை முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்பும்படி சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. உடல் வீட்டுக்கு வந்துவிட்டது, கண்ணும் விரலும் இன்னும் ரயிலிலேயே இருக்கிறது என்றால் நாம் திரும்பி வந்ததாக ஆகுமா? வாசலில் நிற்கும் பிள்ளையைக் கேளுங்கள், அது சொல்லும்.

டெலிவரி தம்பிகளுக்கு ஒரு விஷயம். ஜும்ஆவின் அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது சூரா ஜும்ஆ. பாங்கு சொல்வதற்கு முன்பே ஆப்பை ஆஃப்லைனில் போட்டுவிட்டு வாருங்கள். ஆர்டரை ஏற்றுக்கொண்டு, யாரோ ஒருவருடைய சாப்பாட்டை வெளியே பெட்டியில் ஆறவிட்டு, உள்ளே ஸஃப்பில் நிற்காதீர்கள். அந்தச் சாப்பாடும் அமானிதம்தான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்து, அதே ஆண்டு டிசம்பரில் வாரியமும் அமைக்கப்பட்டது. பதிவு செய்யாதவர்கள் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். உரிமையைக் கேட்டுப் பெறுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

3. ரகசியம் யாருடையது?

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது, வேறு யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தால், அந்தச் செய்தி அமானிதம் என்பது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸின் கருத்து. அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகி இருக்கிறது. அவர் "யாரிடமும் சொல்லாதே" என்று வாயால் சொல்லவில்லை, திரும்பித்தான் பார்த்தார். அதுவே போதுமானது.

இப்போது நம் ரயிலுக்கு வாருங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டு, "மேடம், உங்க அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று வாங்கி, அதைத் திருப்பி உரக்கச் சொல்லிச் சரிபார்க்கிறோம். அந்தச் சகோதரி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார். நாம் ஒரு பெட்டி நிறைய ஆட்களுக்கு நடுவே அதை ஏலம் விடுகிறோம். ரயிலில் இருக்கிறேன், இறங்கிய பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் திரையை எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சூரா நூரில் உள்ள ஒழுக்கம். இன்று பலருக்கு அவர்களின் போன்தான் வீடு.

அடுத்து, அந்தத் தம்பி என்னிடம் கேட்ட கேள்வி. "நான் வேணும்னு தொலைக்கலையே ஹஜ்ரத், நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

ஃபிக்ஹில் 'வதீஆ' என்று ஒரு பாடம் இருக்கிறது. பாதுகாக்கக் கொடுக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். அதை வாங்கி வைத்திருப்பவர் ஒழுங்காகப் பாதுகாத்தும் அது தொலைந்துவிட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கவனக்குறைவாக இருந்தால் பொறுப்பு அவருடையது. ஒழுங்காக என்றால் என்ன? அந்தந்தப் பொருளை வழக்கமாக எங்கே பத்திரப்படுத்துவார்களோ அங்கே வைக்க வேண்டும். இதை 'ஹிர்ஸ்' என்பார்கள். நகைக்குப் பீரோ, ஆட்டுக்குத் தொழுவம். ஆட்டுத் தொழுவத்தில் நகையை வைத்துத் தொலைத்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். இன்று ஒருவருடைய ஆதார் படத்துக்கு ஹிர்ஸ் எது? லாக் இல்லாத போனின் கேலரி, ரயில் வாசலில் நீட்டிய கை, இரண்டும் நிச்சயமாக அல்ல.

இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமாக இன்னொரு சட்டம் அதே பாடத்தில் வருகிறது. பிறர் பொருள் கையில் இருக்கும்போது பயணம் போக நேர்ந்தால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில், உரியவரிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் இல்லையென்றால் காழியிடம், அவரும் இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தேவையில்லாமல் கூடவே தூக்கிக்கொண்டு திரியக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் வழி பாதுகாப்பாக இருந்து, உரியவர் தடுக்காமலும் இருந்தால் கொண்டு போகலாம். இரண்டு மத்ஹபுக்கும் பொதுவான கவலை ஒன்றுதான்: பயணம் பொருளுக்கு ஆபத்தான இடம். அலீ (ரலி) அவர்கள் மக்காவில் தங்கியது ஏன் என்பது இப்போது இன்னும் நன்றாக விளங்கும்.

ஆகவே, வேலை முடிந்ததும் ஆவணங்களை நிறுவனத்தின் ஆப்பிலோ மெயிலிலோ சேர்த்துவிட்டு, உங்கள் கேலரியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்துவிட்டுப் பயணம் புறப்படுங்கள். உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது இன்று இப்படித்தான். முழு ஆதார் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். தனிநபர் தகவலைச் சேகரிப்பவர் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உடையவர் என்று நம் நாட்டில் 2023-ல் சட்டமே வந்திருக்கிறது.

போன் தொலைந்துவிட்டால் ஒளிக்காதீர்கள். முதல் மணி நேரத்திலேயே நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். சிம்மை முடக்கச் சொல்லுங்கள். ரயிலில் என்றால் 139-க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். போலீஸ் புகார் நகலோடு, 2023 மே மாதம் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இன்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு அழுத்துவதற்கு போன் கையில் இருக்காது.

என் கதையையும் சொல்கிறேன்

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. என் போனில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நிகாஹ் விண்ணப்பங்கள், கணவன் மனைவி பிரச்சினையில் எனக்கு வந்த குரல் செய்திகள், ஜகாத் கேட்டு வந்த கடிதங்களின் படங்கள், எல்லாம் இருந்தன. போனை என் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள்.

அதற்கு முந்தைய ரமளானில் நடந்ததை நான் மறக்க முயன்றுகொண்டிருந்தேன். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு விதவைத் தாயின் ஜகாத் விண்ணப்பத்தை நிர்வாகி ஒருவருக்கு அனுப்பினேன். விரல் தவறி ஒரு குரூப்புக்குப் போய்விட்டது. சில நிமிடத்தில் பார்த்து அழித்துவிட்டேன். அதற்குள் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். அவசரம் என்று நான் நினைத்த அந்த வேலை, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு செய்திருந்தாலும் ஆகியிருக்கும்.

மறுநாள் அந்தத் தாயின் வீட்டுக்கு என் மனைவியோடு போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "மூணு பேர் பார்த்தாலும் பார்த்ததுதானே ஹஜ்ரத்" என்றார்கள். பிறகு, "நீங்க வந்து சொன்னதால மன்னிச்சுட்டேன்" என்றார்கள். அடியார்களின் உரிமையில் தவறு செய்தால், தவ்பாவோடு சேர்த்து அந்த அடியாரின் மன்னிப்பும் வேண்டும் என்பதைப் பலமுறை மேடையில் சொன்னவன் நான். அதை அந்த வாசலில் நின்றுதான் படித்தேன்.

அதனால்தான் அந்தத் தம்பியிடம், "கம்பெனிக்குச் சொல்லுங்க, அந்த வாடிக்கையாளர்களுக்கும் சொல்லச் சொல்லுங்க" என்று வற்புறுத்தினேன். அவர் மறுநாள் காலையில் சொல்லிவிட்டார். ஏச்சு விழுந்தது, அந்த மாத ஊக்கத்தொகையும் போனது, வேலை போகவில்லை. போன் திரும்பக் கிடைக்கவில்லை. "இப்பத்தான் ஹஜ்ரத் நெஞ்சு லேசா இருக்கு" என்று ஜும்ஆவுக்கு வந்தபோது சொன்னார்.

இரவல் இணையம்

பயணத்தில் டேட்டா தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் கேட்கிறோம். கேட்டு வாங்கலாம், அது இரவல். இரவலுக்கும் ஒழுங்கு உண்டு. ஹுனைன் போருக்காக, அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்காத ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களைக் கேட்டபோது, பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, பொறுப்பேற்று வாங்கும் இரவல் என்று தெளிவுபடுத்தினார்கள். மெயில் அனுப்ப என்று கேட்டு வாங்கிய ஹாட்ஸ்பாட்டில் படம் இறக்கினால் அது இரவலின் எல்லையைத் தாண்டுவது. பக்கத்து வீட்டு, பக்கத்துக் கடை வைஃபையின் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் பயன்படுத்துவதோ இரவல்கூட இல்லை.

ரயில் நிலையங்களில் ரெயில்டெல் தரும் வைஃபை, போன் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் முதல் அரை மணி நேரம் இலவசம். அது நமக்குக் கிடைத்த வசதி, பயன்படுத்தலாம். ஆனால் அதே போன்ற பெயரில் வேறு யாராவது வைஃபை வைத்து உங்கள் விவரத்தைக் கேட்கலாம். பொது வைஃபையில் செய்தி படியுங்கள். பணம் அனுப்புவதையும், வாடிக்கையாளரின் ஆவணம் அனுப்புவதையும் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். உங்கள் பொருளில் நீங்கள் துணிந்து ஆபத்தைத் தேடிக்கொள்ளலாம், பிறர் பொருளில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

உயிர் யாருடையது?

எல்லாவற்றையும் விடப் பெரிய அமானிதம் உயிர். பைக் ஓட்டிக்கொண்டே அடுத்த ஆர்டரை விரலால் ஏற்பது, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுவது, ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு மெயில் அனுப்புவது ஆகியவற்றை நாம் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். வாகனம் ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்து 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இருக்கட்டும். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு ஆர்டர் போனால் இன்னொன்று வரும். ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆப்பின் சத்தத்தில் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமையே செய்ய வேண்டியவை

அன்புச் சகோதரர்களே! கேட்டுவிட்டு, படித்துவிட்டுப் போவதோடு நிற்காமல், இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில், போனைத் திறந்து பிறருடைய ஆவணங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். வேலை முடிந்தவற்றை ஒப்படைத்துவிட்டு அழியுங்கள். லாக் போடுங்கள். ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். ரீசார்ஜ் செலவைப் பற்றி முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். முதலாளியாக இருந்தால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே பேசுங்கள். யாருடைய ரகசியமாவது உங்கள் கையால் வெளியே போயிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய்வரும் தூரத்தில் தொழுகையைச் சுருக்கும் சலுகை கிடையாது. ஆனால் நீண்ட பயணம் போகும்போது முஸாஃபிரின் துஆ தட்டப்படாத துஆக்களில் ஒன்று என்று ஹதீஸில் வருகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் போனை எடுக்கும் கை, ஐந்து நிமிடம் துஆவுக்கும் உயரட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! எங்களை நம்பி மக்கள் ஒப்படைத்தவற்றைக் காக்கும் உள்ளத்தைத் தருவாயாக! சாலையிலும் ரயிலிலும் உழைக்கும் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக! தெரிந்தும் தெரியாமலும் நாங்கள் வெளிப்படுத்திய பிறர் குறைகளை மன்னித்து, மறுமையில் எங்கள் குறைகளை மறைப்பாயாக! ஆமீன்.